நிறம் தெரிந்த கைகளை நாம் கேட்கவில்லை

சிவகாசியில் ஆப்செட் அச்சகம் எதற்குள் நுழைந்தாலும் மிஷின் ஓரத்தில் வாய் பிரிந்த சாக்கு ஒன்று கிடக்கும். உள்ளே பனியன் வேஸ்ட், நைட்டி வெட்டியதில் மிஞ்சிய ஓரங்கள், தையல் கூடங்களில் இருந்து கிலோக் கணக்கில் வாங்கி வந்த வெட்டுத் துண்டுகள். ரோலரில் ஒரு நிறம் ஓடி முடிந்து அடுத்த நிறம் ஏற்ற வேண்டும் என்றால் மிஷின்மேன் குனிந்து ஒரு பிடி அள்ளுவார். மண்ணெண்ணெயில் தோய்த்து அழுத்தித் துடைப்பார், மூலையில் எறிவார். அப்படி அள்ளிய ஒரு பிடியில் வாடாமல்லி நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட பருத்தித் துண்டு ஒன்று இருந்ததைப் பார்த்தேன். உள்ளங்கை அகலம். ஓரம் நேராக வெட்டியது. சாயம் கொஞ்சமும் மங்காதது. நீல மையைத் துடைத்த அரை நிமிடத்தில் அது என்ன நிறம் என்று சொல்ல முடியாமல் போய்விட்டது.

துடைத்தவர் மேல் குற்றம் இல்லை. மிஷினுக்குத் துணி வேண்டும். ஆனால் அதே துண்டு நம் அம்மாச்சி ஒருத்தியின் கைக்குப் போயிருந்தால் அவள் அதை என்ன செய்திருப்பாள் என்று இந்த விருதுநகர் மாவட்டத்தில் நாற்பது வயதைக் கடந்த எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் நாம் யாரும் இதுவரை அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

நாம் நிறத்தில் பிழைத்தவர்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு 1923-இல் ஊர் திரும்பியதில் இருந்து சிவகாசியின் சோறு நிறத்தோடு ஒட்டியே வந்திருக்கிறது. தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக அச்சகம் வந்தது. அச்சகம் வந்த பிறகு காலண்டர், நோட்டு அட்டை, பட்டாசுப் பெட்டி, வாழ்த்து அட்டை எல்லாம் வந்தன. பட்டாசிலும் நிறம்தான் வியாபாரம். ஸ்ட்ரான்சியம் உப்பு சிவப்பு தரும், பேரியம் பச்சை தரும், சோடியம் மஞ்சள், செம்பு நீலம். பேன்சி ரகத்துக்கு மணிமருந்து செய்து வெயிலில் உலர்த்துகிற தொழிலாளி இதையெல்லாம் எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. அச்சுத் தாளை லென்ஸ் வைத்துப் பார்த்து, "மெஜந்தா கூடிப்போச்சு, கொறைங்கண்ணே" என்று சொல்லத் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். முருகன் முகத்தில் மஞ்சள் மயிரிழை விலகி விழுந்தாலும் கண்டுபிடித்து மிஷினை நிறுத்துகிற கண்கள் நம்முடையவை.

அந்தக் கண்கள் ராத்திரி வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, தரையில் விரித்திருந்த ஒட்டுத்துணி விரிப்பின் மேல் சாய்ந்து தூங்கிப்போயின. எத்தனையோ வருசம் அதன் மேல் படுத்தோம். ஒருநாள்கூட அதைப் பார்க்கவில்லை.

மல்லாங்கிணறு பக்கம் உறவில் பெரியம்மா ஒருவர் வீட்டில் இன்னும் ஒரு விரிப்பு இருக்கிறது. அவருடைய மாமியார் தைத்தது. ஆறடி நீளம் இருக்கும், அகலம் நாலடிக்குக் கொஞ்சம் கூட. அடியில் காடாத்துணி. அதற்கு மேல் பழஞ்சேலை அடுக்கு. ஓரம் பிரிந்த இடத்தில் விரலை விட்டால் ஐந்து மடிப்பு தட்டுப்படுகிறது. எல்லாம் உடுத்தி உடுத்தி, துவைத்துத் துவைத்து, முரட்டுத்தனம் எல்லாம் போன பருத்தி. மேல்முகத்தில்தான் ஒட்டுத்துணி. இடது மூலையில் அரக்குச் சுங்குடி. சேலையாக இருந்தபோது இருந்த வெள்ளைப் புள்ளிகள் பழுப்பேறிவிட்டன. பக்கத்தில் மாம்பழ மஞ்சளில் ஒரு பாவாடைத் துணி. அடுத்து கைலிக் கட்டம், சீட்டித் துணி, ஒரு பள்ளிக்கூடச் சட்டையின் நீலம். எந்தத் துண்டும் இன்னொன்றின் அளவில் இல்லை. சிலது முக்கோணம், சிலது நீளப் பட்டை, ஒன்றிரண்டு கோணல். ஆனாலும் நின்று பார்த்தால் கண் எங்கேயும் தடுக்கி விழவில்லை. நடுவுக்குச் சற்றுத் தள்ளி ஒரே ஒரு சின்னத் துண்டு கிளிப்பச்சை. அந்தப் பச்சை விரிப்பில் வேறு எங்கும் இல்லை.

தையல் ஓட்டுத் தையல்தான். ஓரத்தில் பிடித்து உள்ளே உள்ளே என்று சுற்றிக்கொண்டே போயிருக்கிறது. நெல் நீளத்துக்கு ஒரு தையல், அதே அளவு இடைவெளி. ஓரிடத்தில் வெள்ளை நூல் தீர்ந்து சிவப்பு நூல் தொடங்குகிறது. நூல்கண்டு தீர்ந்துபோனதால் நேர்ந்த மாற்றம் என்றுதான் முதலில் தோன்றும். தொடர்ந்து பார்த்தால், சிவப்பு மூன்று சுற்று, வெள்ளை மூன்று சுற்று என்று கடைசிவரை அந்த அம்மா மாற்றி மாற்றிப் போட்டிருப்பது தெரிகிறது. தற்செயலாக வந்த சிவப்பு அவருக்குப் பிடித்துப்போயிருக்கிறது. பிடித்ததை வைத்துக்கொண்டு மேலே போயிருக்கிறார்.

"அந்தப் பச்சைத் துண்ட ஏன் பெரியம்மா அங்க ஒண்ணு மட்டும் வச்சாக?"

"அவுக அப்படித்தான்யா. 'கண்ணு போயி ஒக்காரதுக்கு ஒரு எடம் வேணும்ல தாயீ'ம்பாக. அதுக்காக ஒரு துண்ட எடுத்து மடியிலயே முடிஞ்சு வச்சிருப்பாக. கடைசியாத்தான் வைப்பாக."

வேறு என்னவெல்லாம் சொல்வார்கள் என்று கேட்டபோது பெரியம்மா யோசித்து யோசித்துச் சொன்னார். அரக்குக்குப் பக்கத்தில் அரக்கு வைத்தால் இரண்டும் செத்துப்போகும். சாயம் மங்கின துணியைப் புதுத்துணியோடு சேர்க்கும்போது இடையில் ஒரு வெள்ளைக் கரை கொடுக்க வேண்டும். கறுப்பை ஓரத்துக்குத் தள்ள வேண்டும், ஆனால் தள்ளிவிட்டு மறந்துவிடக் கூடாது, எதிர் ஓரத்திலும் கொஞ்சம் வைக்க வேண்டும். கட்டம் போட்ட துணியும் கட்டம் போட்ட துணியும் ஒட்டி உட்கார்ந்தால் சண்டை போடும். சேலையில் முந்தியை நடுவில் வைக்கக் கூடாது, அது தனியாகக் கூவும். துண்டுகளை வீட்டுக்குள் வைத்துச் சேர்க்கவே மாட்டாராம். மதியச் சாப்பாடு முடிந்த பின் திண்ணையில் பரப்பி, நாலு மூலையிலும் கல்லை வைத்து, தெருவில் இறங்கி நின்று பார்ப்பாராம். போகிற வருகிற பெண்களும் நின்று, "இந்த மஞ்சள அங்கிட்டுத் தள்ளுங்க மதினி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்களாம்.

ஒரு தெருவே கூடி நின்று நிறத்தைப் பற்றி விவாதித்திருக்கிறது. வீட்டு ஆண்கள் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. பெண்கள் துணி பேசுகிறார்கள் என்று கடந்து போனோம்.

நிறங்களுக்கு இந்தப் பெண்களிடம் இருந்த கணக்கு அச்சகத்தின் நாலு நிறக் கணக்குக்குள் அடங்காது. மாந்துளிர், மயில்கழுத்து, வெங்காயத்தோல், பாக்கு, கத்தரிப்பூ, ஆனந்தா நீலம், மிளகாய்ப்பழச் சிவப்பு, ராமர் பச்சை. விருதுநகர் சந்தையில் வத்தல் மூட்டையைப் பிரித்ததும் தெரிகிற சிவப்புக்கும், அது ஒரு வருசம் கிடந்தபின் வருகிற சிவப்புக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்குத் தெரியும். வியாபாரிகளான நமக்கும் தெரியும். நாம் அதை விலையாக மாற்றினோம், அவர்கள் அதைத் துணியில் தேடினார்கள். கரிசக்காட்டில் வருசத்தில் பாதி நாள் கறுப்பு மண்ணும் வெளுத்த வானமும்தான். மழை ஏமாற்றிய வருசத்தில் பச்சை என்பதே கண்ணில் படாது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, கிடைத்த கந்தலில் இருந்து இத்தனை நிறத்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்றால் அது வெறும் சிக்கனம் இல்லை. ஆசை. நிறத்தின் மேல் இருந்த தீராத ஆசை. நாம் அதைச் சிக்கனம் என்று மட்டும் சொல்லி அவர்களைச் சின்னவர்களாக்கிவிட்டோம்.

நம் குற்றங்களில் முதலாவது வெட்கம். சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்றால் ஒட்டுத்துணி விரிப்பைச் சுருட்டி அடுக்களைக்குள் தள்ளிவிட்டு பவானி ஜமுக்காளத்தை விரித்தோம். ஒட்டுப் போட்டது எதுவானாலும் இல்லாமையின் அடையாளம் என்று நினைத்தோம். பிள்ளைபெற்றவளுக்கும் கைக்குழந்தைக்கும் மட்டும் அது வேண்டியிருந்தது, ஏனென்றால் அவ்வளவு மெத்தென்று வேறு எதுவும் வீட்டில் இல்லை. குழந்தை வளர்ந்ததும் அது நாய் படுக்கவும், உரச்சாக்குக்கு அடியில் போடவும், மிதியடிக்கும் போயிற்று. வீட்டை விட்டே போன விரிப்புகளும் உண்டு. பழைய துணிக்குப் பாத்திரம் என்று தெருவில் கூவிக்கொண்டு வருகிறவரிடம் பருத்திச் சேலைகளைக் கொடுத்து பிளாஸ்டிக் பக்கெட்டும் குடமும் வாங்கினோம். விரிப்பாக வேண்டிய சேலைகள் அந்த மூட்டையில் ஏறிப் போயின.

துணியும் மாறிப்போயிற்று. வாயில் சேலை போய் நைலக்ஸ் வந்தது, பிறகு பூனம், பாலியெஸ்டர். துவைக்கச் சுலபம், சீக்கிரம் காயும், சாயம் போகாது, கிழியாது. உழைக்கிற பெண்ணுக்கு அது பெரிய விடுதலைதான், அதை மறுத்துப் பேச நமக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தச் சேலை வேர்வையை உறிஞ்சாது, வருசக்கணக்கில் உடுத்தினாலும் இளகாது. ஐந்து அடுக்கு வைத்துத் தைத்து அதன் மேல் சித்திரை மாதத்தில் படுத்துப் பார்த்தவர்கள் மறுபடி தைக்க மாட்டார்கள். இங்கே ஒரு விசேஷம் உண்டு. பட்டாசு ஆலைக்குள் பருத்தி ஆடைதான் உடுத்த வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. செயற்கை இழை உரசினால் மின்னூட்டம் சேரும், மருந்து இருக்கிற இடத்தில் ஒரு பொறி போதும். உயிருக்காகப் பருத்தி உடுத்த வேண்டிய பெண்கள் இந்த வட்டாரத்தில் இன்றும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அந்தப் பருத்தி நைந்த பிறகு எங்கே போகிறது என்று நாம் கேட்டதில்லை.

நேரம் போன கதையைத்தான் நாம் மனம் விட்டுப் பேச வேண்டும். விரிப்புத் தைத்த மதியங்களை நாமேதான் விலைக்கு வாங்கினோம். தீப்பெட்டி ஒட்ட, குச்சி அடுக்க, பட்டாசுக் குழாய் உருட்ட என்று திண்ணைகள் எல்லாம் தொழிற்கூடமாயின. குரோசுக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் காசு வீட்டுக்கு வேண்டியிருந்தது. மழை பொய்த்த கரிசலில் அது பல குடும்பங்களைக் காப்பாற்றியது. ஆனால் பாட்டியின் அருகில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்க வேண்டிய பேத்தி விடியும் முன்பே தீப்பெட்டி ஆலை வண்டியில் ஏறினாள். சிவகாசியில் வேலை செய்த சிறுவர்களைப் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-இலும் 1996-இலும் தீர்ப்புச் சொல்ல வேண்டிவந்தது. அந்தக் குழந்தைகள் இழந்த படிப்பைப் பற்றி நிறையப் பேசியாயிற்று, பேச வேண்டியதும்தான். பள்ளிக்கூடத்தில் கிடைக்காத இன்னொரு படிப்பையும் அவர்கள் இழந்தார்கள். ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்குப் போக வேண்டிய வேலை அந்தத் தலைமுறையில்தான் அறுந்தது. அறுத்தவர்கள் நாம்.

இவ்வளவையும் வறுமையின் தலையில் கட்டிவிடலாம். ஆனால் கையில் காசு வந்த பிறகும் நாம் திரும்பிப் பார்க்கவில்லையே. மச்சு வீடு கட்டினோம், பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைத்தோம், கட்டிலும் பஞ்சு மெத்தையும் வாங்கினோம். இந்த மாவட்டத்தில் துணிக்கும் குறைவில்லை. அருப்புக்கோட்டையிலும் சுந்தரபாண்டியத்திலும் சேலை நெய்கிறோம். சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக்கு பேண்டேஜ் துணி நெய்கிறோம். தளவாய்புரத்திலும் முகவூரிலும் செட்டியார்பட்டியிலும் நைட்டி தைத்து நாடெங்கும் அனுப்புகிறோம். ராஜபாளையத்தில் 1930-களில் இருந்தே நூல் ஆலை ஓடுகிறது. பருத்தி விளைந்த மண், நூற்ற ஆலை, நெய்த தறி, தைத்த மிஷின் எல்லாம் ஒரே மாவட்டத்துக்குள். வெட்டுத் துண்டு மட்டும் சாக்கில் கட்டப்பட்டு வெளியே போகிறது.

பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் நோட்டில் ஒட்டச் சொன்ன மாதிரித் துணிகளில் முதல் பக்கத்தில் வருவது ஓட்டுத் தையல்தான். உங்கள் வீட்டு விரிப்பைக் கொண்டுவா, அதில் இருப்பதும் இதே தையல்தான் என்று சொன்ன எந்த வகுப்பைப் பற்றியும் நான் கேள்விப்பட்டதில்லை. மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி என்றால் பினாயில், ஊறுகாய், மெழுகுவத்தி என்று வெளியில் இருந்து ஆள் வந்து சொல்லித்தந்தார்கள். அதே குழுவில் ஓரமாக உட்கார்ந்திருந்த எழுபது வயதுக்காரரிடம் "உங்களுக்கு என்ன தெரியும்" என்று கேட்கத் தோன்றவில்லை.

எழுதுகிறவர்களான நாமும் தப்ப முடியாது. கரிசல் மண்ணின் வார்த்தைகளுக்கு இடைசெவலில் ஒருவர் இருந்தார். கி. ராஜநாராயணன் ஊர் ஊராகச் சொல் சேர்த்து 1982-இல் கரிசல் வட்டார வழக்கு அகராதியைக் கொண்டுவந்தார். சொல்லும் கதையும் பிழைத்தன. துணிக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. கி.ரா. வழி காட்டிய பிறகும் வீடு வீடாகப் போய் விரிப்புகளைப் பார்த்து, யார் தைத்தது, எப்போது தைத்தது என்று ஒரு நோட்டில் குறிக்க நம்மில் யாருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். சைக்கிளும் நோட்டும் போதும்.

கோவில்பட்டியில் சி. கொண்டைய ராஜு வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டராக எல்லா வீட்டுச் சுவருக்கும் போயின. 1976-இல் அவர் மறைந்தார். அதற்குப் பின் வெளிநாட்டு ஆய்வாளர்கள் தேடி வந்து, அந்தக் காலண்டர்களைப் பற்றிப் புத்தகம் எழுதிய பிறகுதான் நம் அச்சகத்துப் பழைய தாள்களின் அருமை நமக்கே தெரிந்தது. சுவரில் தொங்கியதற்காவது ஆள் வந்தது. தரையில் கிடந்ததற்கு யாரும் வரவில்லை.

கோயிலைச் சேர்ந்த கைவேலைகளையும் நாம் காப்பாற்றித்தான் வைத்திருக்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளியை இலையும் மாதுளம்பூவும் வைத்து அன்றாடம் புதிதாகக் கட்டுகிறார்கள். அந்த வேலை ஒருநாளும் நின்றுவிடக் கூடாது என்று ஊர் கவனமாக இருக்கிறது. ஒட்டுத்துணி வேலைக்கே கோயிலில் மரியாதையான இடம் உண்டு. தேருக்குக் கட்டுகிற தேர்ச்சீலை, உருளையாகத் தொங்கும் தொம்பை, மேலே விரிக்கும் ஆஸ்மானகிரி எல்லாம் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்பு என்று நிறத்துணிகளை வெட்டி ஒன்றின் மேல் ஒன்று ஒட்டித் தைப்பவைதான். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் அதற்கென்றே குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களைக் கைவினைஞர் என்கிறோம், விருது கொடுக்கிறோம், கண்காட்சியில் ஸ்டால் ஒதுக்குகிறோம். அது நியாயம்தான். அதே வேலையை நம் வீட்டுத் திண்ணையில் ஒரு பெண் செய்தபோது அதற்குக் கந்தை என்று பெயர் வைத்தோம். தேரில் ஏறினால் கலை, பாயில் கிடந்தால் கந்தை என்று பிரித்தது நம்முடைய தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு தவறு.

வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில் 2022-இல் அகழாய்வு தொடங்கியது. சங்கு வளையலும் கண்ணாடி மணியும் வந்தன, நூல் நூற்கும் சுடுமண் தக்களியும் வந்தது. பார்க்கப் போனோம், பெருமைப்பட்டோம், பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டினோம். எப்போதோ இந்த மண்ணில் ஒருத்தி நூல் நூற்றாள் என்பது நமக்கு அவ்வளவு பெரிய சேதி. போன தலைமுறையில் நம் வீட்டில் ஒருத்தி அந்த நூலின் கடைசிக் கந்தல் வரை கையில் எடுத்து நிறம் பார்த்துச் சேர்த்தாள் என்பது சேதியாகப் படவில்லை. துணி மண்ணுக்கடியில் நிற்காது. கரிசலில் ரெண்டு மழைக்காலம் கிடந்தாலே மக்கிப்போகும். தக்களிக்குக் கிடைத்த மாதிரி விரிப்புக்கு இன்னொரு காலம் கிடைக்காது.

மற்ற இடங்களில் எல்லாம் யாரோ ஒருவர் குனிந்து பார்த்திருக்கிறார். வங்காளத்துக் காந்தாவும் பழஞ்சேலை அடுக்குதான், சேலைக் கரையில் இருந்து உருவிய நூலால்தான் தைத்தார்கள். குருசதய் தத் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி வேலை பார்த்த மாவட்டங்களில் எல்லாம் கிராமத்துப் பெண்களிடம் இருந்து அவற்றைச் சேகரித்தார். அவர் பெயரில் கல்கத்தா அருகே ஜோக்காவில் அருங்காட்சியகமே இருக்கிறது. கர்நாடகத்தில் உத்தர கன்னடக் காட்டோரத்தில் வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்காவில் இருந்து வந்தவர்களின் வழியினர், கவண்டி என்ற விரிப்பைத் தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றி வருவார்கள், மல்லாங்கிணற்று விரிப்பைப் போலவே. நாலு மூலையிலும் துணியை மடித்துப் பூப் போல வைத்து முடித்தால்தான் அது முழுமை. இல்லாவிட்டால் விரிப்பு அம்மணமாக இருப்பதாகச் சொல்வார்களாம்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் இன்னும் நமக்குப் பக்கத்துக் கதை. பருத்திக் காட்டில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், வயலில் உடுத்திக் கிழிந்த கால்சட்டையையும் சட்டையையும் வெட்டிப் போர்வை தைத்தார்கள். அளவு பார்க்காத பட்டைகள், எதிர்பாராத இடத்தில் ஒரு சிவப்பு. 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கிலும் அவற்றைச் சுவரில் தொங்கவிட்டபோது நவீன ஓவியத்துக்கு நிகர் என்று எழுதினார்கள். 2006-இல் அமெரிக்க அரசு தபால்தலையே வெளியிட்டது. பருத்தி, வறுமை, கிழிந்த உடுப்பு, நிறத்தின் மேல் ஆசை எல்லாம் நம்மிடமும் இருந்தன. பார்த்த கண்தான் இல்லை.

விரிப்பு நைந்து அழிந்துபோனதற்காக நாம் அழ வேண்டியதில்லை. அது அழிவதற்காகவே தைத்தது. குழந்தை ஈரம் செய்யும், அடித்துத் துவைப்பார்கள், நாலைந்து வருசத்தில் நூல் விடும், மேலே இன்னொரு சேலையை வைத்து மறுபடி தைப்பார்கள். பெட்டியில் பூட்டி வைக்கிற பொருள் இல்லை. நாம் இழந்தது அந்தத் துணிகளைவிட, தைத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடிய காலத்தை. "ஏன் இந்தப் பச்சை இங்கே" என்று கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார்கள். பெரியம்மா சொல்வதுகூட மாமியார் சொன்னதில் நினைவில் நின்றதுதான். அவரே கடைசியாகத் தைத்து எவ்வளவோ காலம் ஆகிறது.

2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்பைத் தடை செய்தபோது இந்த ஊர் கொதித்தது. ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன, தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். பச்சை இல்லாமல் பேன்சி ரகம் எப்படி என்று வீட்டுக்கு வீடு பேச்சு. பேரியம் போனால் பல ரகங்கள் போகும், பிழைப்பு போகும், அந்தக் கோபம் நியாயமானது. ஒரு நிறம் போவது இவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. வீட்டுத் தரையில் இருந்து எல்லா நிறமும் ஒவ்வொன்றாகப் போனபோது மட்டும் அது தெரியாமல் போயிற்று.

இப்போதும் எழுபதைக் கடந்த பெண்கள் சாத்தூர்ப் பக்கமும் திருச்சுழிப் பக்கமும் காரியாபட்டிப் பக்கமும் இருக்கிறார்கள். கண் மங்கியிருக்கும், ஊசியில் நூல் கோக்க நாம் உதவ வேண்டியிருக்கும். நிறம் சேர்ப்பது மறந்திருக்காது. விருதுநகரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, கல்லூரிகள் இருக்கின்றன, கையில் செல்போன் கேமரா இருக்கிறது. படம் எடுக்கிறவர்கள் விரிப்பை மட்டும் எடுக்காமல், தைத்தவர் பெயரையும், எந்தத் துண்டு யாருடைய சேலை என்பதையும் அவர் வாயால் சொல்லச் சொல்லிப் பதிந்துகொள்ள வேண்டும். பின்பக்கக் காடாத்துணியில் அவர் பெயரை எழுதித் தைத்துவிட்டால் இன்னும் நல்லது. இத்தனை காலமும் அச்சகத்தின் பெயரையும் முகவரியையும் காலண்டரின் அடியில் தவறாமல் போட்டவர்கள் நாம்.

இதைத் தொழிலாக்கலாம் என்ற பேச்சும் வரும். வரட்டும். தளவாய்புரத்துப் பருத்தித் துண்டு கிடைக்கும், பெரிய நகரங்களில் வாங்க ஆளும் இருக்கும். ஆனால் பெண்களின் வீட்டு வேலைக்கு ஆர்டர் வந்தால் நம் வட்டாரத்தில் அது என்னவாக மாறும் என்று தீப்பெட்டி ஒட்டிய திண்ணைகளுக்குத் தெரியும். ஜீஸ் பெண்டில்கூட, தங்களுக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்று தைத்த பெண்களில் சிலர் 2007-இல் வழக்குப் போட்டார்கள். மறு வருசம் சமரசத்தில் முடிந்தது. துண்டுக்கு இவ்வளவு, விரிப்புக்கு இவ்வளவு என்று குரோஸ் கணக்கில் கூலி பேசத் தொடங்கினால், தையல் நெல் நீளத்தில் இருந்து விரல் நீளத்துக்குப் போய்விடும். உட்கார்ந்த நேரத்துக்குக் கூலி வேண்டும், தெருவில் இறங்கி நின்று பார்க்கிற நேரத்துக்கும் சேர்த்து. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். படத்தை அனுப்பி, இதே மாதிரி ஐந்நூறு வேண்டும் என்று ஒரு வியாபாரி கேட்டால், முடியாது என்று சொல்ல நம்மில் ஒருவராவது அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.